வென்றவன் கெட்டிக்காரனா?

"மச்சான், நான் கெட்டிக்காரனா, இல்லை அதிர்ஷ்டக்காரனா? இரண்டில் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். அதன்படி நடந்துகொள்கிறேன்."

என் தங்கையின் கணவர் ஒரு நாள் ராத்திரி எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு இப்படிக் கேட்டார். கேட்ட அன்று அவர் இரண்டரை லட்ச ரூபாய் இழந்திருந்தார். என் தங்கையின் ஐந்து பவுன் சங்கிலி அடகுக் கடையில் இருந்தது. அப்படியும், 'நான் முட்டாளா, துரதிர்ஷ்டக்காரனா?' என்று அவர் கேட்கவில்லை, பாருங்கள். இழந்த பிறகும் மனுஷன் ஜெயித்தவனுடைய பாஷையில்தான் பேசுகிறான்.

நான் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. அது என்னைப் பற்றியது; அவ்வளவு கௌரவமானதும் அல்ல.

மாப்பிள்ளை பெங்களூரில் ஒரு கம்பெனியில் கணக்கராக இருந்தவர். குடி கிடையாது, சிகரெட் கிடையாது. சனி, ஞாயிறு மாலைகளில் ஒரு கிளப்பில் போய் போக்கர் ஆடப் பழகினார். கணக்கர் அல்லவா, ஒரு நோட்டுப் போட்டுத் தேதி வாரியாக வரவு செலவு எழுதிவந்தார். எட்டு மாச முடிவில் கூட்டிப் பார்த்தால் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் லாபம். அந்த எட்டு மாசமும் நான் அவரைப் பற்றி ஊரெல்லாம் பெருமையடித்தேன். "சீட்டாட்டம் என்று சொல்லாதீர்கள், அது மூளை வேலை" என்று நண்பர்களிடம் வாதாடினேன். என் பையனின் காலேஜ் கட்டணத்துக்கு அவரிடம் முப்பதாயிரம் கைமாற்று வாங்கினேன். சூதாடிய பணம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அறிவாளியின் பணம் என்று தோன்றியது. உத்தியோகத்தை விட்டுவிட்டு இதிலேயே முழுநேரமும் இறங்கலாமா என்று அவர் கேட்டபோது, "உங்களுக்குத் தெரியாததா, மாப்பிள்ளை!" என்றேன். அவர் விட்டுவிட்டார். பெரிய பந்தயம் கட்டும் மேஜைக்குப் போனார். அடுத்த ஐந்து மாசத்தில் ஜெயித்ததும் போயிற்று, சேமிப்பும் போயிற்று. என் தங்கை போனில் அழுதபோது என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "சூதாடிப் பயல்!"

மனுஷர் அதே மனுஷர். ஆட்டமும் அதே ஆட்டம்.

போக்கர் தெரியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 52 சீட்டு. ஆளுக்கு இரண்டு சீட்டு மூடிக் கொடுப்பார்கள். நடுவில் ஐந்து சீட்டு மூன்று தவணையாகத் திறக்கும். அவை எல்லாருக்கும் பொது. இந்த ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்த்தவருக்கு நடுவில் குவிந்த பணம். ஒவ்வொரு தவணைக்கும் பந்தயம் உண்டு. பிடிக்காவிட்டால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். மங்காத்தாவில் உள்ளே வெளியே என்று சீட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர ஆடுகிறவனுக்கு வேறு வேலை இல்லை. இங்கே வேலை உண்டு. எப்போது ஒதுங்குவது, எவ்வளவு கட்டுவது, எதிரே இருப்பவன் நிஜமாகக் கட்டுகிறானா, பயமுறுத்துகிறானா என்றெல்லாம் யோசிக்க வேண்டும். யோசிக்கிறவனுக்கும் யோசிக்காதவனுக்கும் நிச்சயமாக வித்தியாசம் உண்டு. ஆனால் கட்டிலிருந்து விழுகிற சீட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

அன்று திண்ணையில் மாப்பிள்ளை ஒரு சீட்டுக்கட்டை எடுத்தார். தனக்கு இரண்டு ஆஸ் வைத்துக்கொண்டார். எனக்கு இரண்டு ராஜா கொடுத்தார்.

"கையில் இரண்டு ஆஸ் வருவது 221 தடவைக்கு ஒரு தடவை, மச்சான். இதைவிட நல்ல சீட்டு இந்த ஆட்டத்தில் இல்லை. நீங்கள் இரண்டு ராஜாவை வைத்துக்கொண்டு எல்லாப் பணத்தையும் கட்டுகிறீர்கள். நானும் கட்டுகிறேன். நூறு தடவை இப்படி மோதினால் சுமார் 82 தடவை எனக்குத்தான் ஜெயம். நான் கட்டுவது தப்பா?"

"இல்லை."

மீதிக் கட்டைக் கலைத்து ஐந்து சீட்டைத் திறந்தார். நாலாவதாக ஒரு ராஜா விழுந்தது. எனக்கு மூன்று ராஜா. அவருக்கு வெறும் இரண்டு ஆஸ். மறுபடி கலைத்துத் திறந்தார். இந்தத் தடவை ராஜா வரவில்லை, அவர் ஜெயித்தார். நான் என்னையறியாமல், "சபாஷ்!" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பல நாளைக்குப் பிறகு அவர் சிரித்தது அதுதான்.

"முதல் தடவைக்கும் சேர்த்து அந்தச் சபாஷைச் சொல்லுங்கள், மச்சான்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு தடவையும் அவர் செய்தது ஒன்றே. விழுந்த சீட்டுத்தான் வேறு. என் பாராட்டு சீட்டோடு போயிற்று, ஆளோடு போகவில்லை.

பிறகு அவர் நோட்டின் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். காலேஜ் படிப்பை இரண்டு வருஷத்தோடு நிறுத்தியவனான எனக்கே புரிந்தது என்றால் உங்களுக்குப் புரியாமல் போகாது. கட்டாயப் பந்தயம் 100 ரூபாய் உள்ள மேஜை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நன்றாக ஆடுகிற ஒருவர் நூறு கை ஆடினால் சராசரியாக 500 ரூபாய் சம்பாதிப்பார். அதுவே நல்ல சம்பாத்தியம். ஆனால் அந்த நூறு கையில் அவருடைய பணம் சராசரியிலிருந்து மேலேயும் கீழேயும் சுமார் 10,000 ரூபாய் ஊசலாடும். லாபம் 500, ஊசல் 10,000! இந்த ஊசலைத்தான் போக்கர்காரர்கள் வேரியன்ஸ் என்கிறார்கள். பள்ளிக்கூடத்துக் கணக்குப் புத்தகத்தில் திட்ட விலக்கம், விலக்க வர்க்கச் சராசரி என்று நாம் நெட்டுருப் போட்டு மறந்தது இதுதான்.

இதில் ஒரு விதி இருக்கிறது. ஆட்டம் நூறு மடங்கு பெருகினால் லாபமும் நூறு மடங்கு பெருகும். ஊசல் பத்து மடங்குதான் பெருகும். ஆகவே 10,000 கை ஆடினால் எதிர்பார்க்கும் லாபம் 50,000. ஊசல் ஒரு லட்சம். அதாவது இப்படி நன்றாக ஆடுகிற நூறு பேரில் 31 பேர் 10,000 கை ஆடிய பிறகும் நஷ்டத்தில்தான் எழுந்திருப்பார்கள். இதைக் கேட்டபோது பாவம் என்று தோன்றியது. அடுத்ததைக் கேட்டபோது வயிற்றைக் கலக்கியது. நன்றாக ஆடுகிறவர் எவ்வளவு சம்பாதிக்கிறாரோ அதே அளவு இழக்க வேண்டிய மட்டமான ஆட்டக்காரர் நூறு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களில் 31 பேர் லாபத்தில் எழுந்திருப்பார்கள். வீட்டுக்குப் போய், "நான் கெட்டிக்காரன்" என்று மனைவியிடம் சொல்லுவார்கள்.

கிளப்பில் மணிக்குச் சுமார் 30 கை சீட்டுப் போடுவார்கள். வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு ஐந்து மணி என்று எட்டு மாசம் ஆடினால் எத்தனை கை ஆகிறது? ஏறக்குறைய அதே 10,000. என் மாப்பிள்ளை உத்தியோகத்தை விட்டதும், நான் ஊரெல்லாம் பெருமை பேசியதும், முப்பதாயிரம் வாங்கியதும் எல்லாம் இந்தப் பத்தாயிரத்தின் பலத்தில்தான்.

"அப்படியானால் எத்தனை கை ஆடினால் தெரியும், மாப்பிள்ளை?"

"ஒரு லட்சம் கை ஆடினால் ஓரளவு தெரியும். அப்போதும் நன்றாக ஆடுகிற நூறு பேரில் ஐந்தாறு பேர் நஷ்டத்தில் இருப்பார்கள்." சனி, ஞாயிறு மட்டும் ஆடினால் ஒரு லட்சம் கைக்கு ஆறு வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் மேஜை மாறும், எதிரே உட்காருகிறவர்கள் மாறுவார்கள், இவருக்கே வயசாகும்.

சூதைப் பற்றி நம் பெரியவர்கள் சொன்னதையெல்லாம் தோல்வியைப் பற்றிய எச்சரிக்கை என்றே நான் நினைத்திருந்தேன். திரும்பவும் எடுத்துப் பார்த்தபோது ஆச்சரியமாக இருந்தது. வள்ளுவர் அந்த அதிகாரத்தைத் தோல்வியில் ஆரம்பிக்கவில்லை, வெற்றியில் ஆரம்பிக்கிறார். ஜெயித்தாலும் வேண்டாம் என்கிறார். ஜெயித்த பணம் மீன் விழுங்கிய தூண்டில் என்கிறார். தோற்றவன் என்றைக்காவது எழுந்து வீட்டுக்குப் போவான். ஜெயித்தவனுக்கு அல்லவா முள் தொண்டையில் மாட்டியிருக்கிறது! நான் போற்றுகிற நாவலாசிரியர் தாஸ்தாயெவ்ஸ்கிக்கு நடந்ததும் இதுதான். 1863இல் ஜெர்மனியில் வீஸ்பாடன் நகரத்தில் சக்கரம் சுழற்றி ஆடும் ரூலெட்டில் பெரிய தொகை ஜெயித்தார். பதற்றப்படாமல் நிதானமாக ஆடினால் ஜெயித்தே தீரலாம் என்று நம்பிவிட்டார். 37 குழியில் உருளுகிற பந்துக்கு ஆடுகிறவரின் நிதானத்தைப் பற்றி என்ன கவலை? 1871 வரைக்கும் அந்த நம்பிக்கை அவரையும் அவர் மனைவியையும் ஆட்டிவைத்தது. மனுஷ மனசின் மூலை முடுக்கெல்லாம் தெரிந்தவர். தமக்கு விழுந்த அதிர்ஷ்டத்தைத் தம் குணம் என்று எடுத்துக்கொண்டார்.

அமெரிக்காவில் 2003இல் இன்னொரு வேடிக்கை நடந்தது. டென்னஸி மாநிலத்துக் கணக்கர் ஒருவர் லாஸ் வேகஸில் நடந்த உலகப் போக்கர் போட்டியில் 838 பேரை முந்திக்கொண்டு 25 லட்சம் டாலர் ஜெயித்தார். நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். இவரோ இணையத்தில் 86 டாலர் கட்டி ஆடிய ஒரு தேர்வு ஆட்டத்தில் ஜெயித்து உள்ளே வந்தவர். பெயர் கிறிஸ் மணிமேக்கர். பணம் பண்ணுகிறவர்! கதையில் இப்படிப் பெயர் வைத்தால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார். அவர் திறமையில்லாதவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவரைப் பார்த்து அடுத்த வருஷம் 2,576 பேர் வந்தார்கள். 2006இல் 8,773 பேர். ஒரே ஒரு போட்டியில் விழுந்த சீட்டை அத்தனை பேரும் தங்களுக்கு எழுதிய கடிதம் என்று படித்தார்கள்.

ஊரார் கதை எதற்கு? என் கதையையே சொல்கிறேன். என் முதல் நாவல் ஒரு பரிசு வாங்கியது. அன்றைக்கு நான் என் எழுத்தின் நயத்தைப் பற்றி மூன்று கூட்டங்களில் பேசினேன். இரண்டாவது நாவல் ஒரு பரணில் கட்டுக் கட்டாகத் தூங்கியது. அன்றைக்கு வாசகர்களின் ரசனையைப் பற்றி நான்கு கூட்டங்களில் பேசினேன். முதல் நாவல் வந்த வருஷம் போட்டிக்கு வந்த மற்றப் புத்தகங்கள் எத்தனை, தேர்வுக் குழுவில் இருந்த ஒருவர் என் ஊர்ப் பக்கத்துக்காரர் என்பது எவ்வளவு உதவியது என்பதையெல்லாம் நான் ஒரு கூட்டத்திலும் பேசவில்லை. மாப்பிள்ளையின் நோட்டில் வரவும் செலவும் ஒரே மையில்தான் இருந்தன. எனக்கு வரவுக்கு ஒரு மை, செலவுக்கு ஒரு மை.

இவ்வளவும் சொன்ன பிறகு நீங்கள் ஒன்று கேட்கலாம். 'சரி ஐயா, தோற்றவனெல்லாம் வேரியன்ஸ், ஊசல் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமே?' நியாயமான கேள்வி. தப்பித்துக்கொள்ளத்தான் செய்கிறார்கள். அந்தக் கிளப்பில் தோற்றவர்களில் ஒருவர்கூடத் தம்மை மட்டமான ஆட்டக்காரர் என்று ஒப்புக்கொண்டதில்லை என்று மாப்பிள்ளையே சொன்னார். எல்லாரும் நல்ல ஆட்டக்காரர்கள். எல்லாருக்கும் கெட்ட காலம். ஆனால் நடுவில் குவிகிற பணத்திலிருந்து ஒவ்வொரு தடவையும் கிளப்புக்காரர் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறார். அதனால் மேஜையில் இருப்பவர்கள் எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் இழப்புத்தான். பத்துப் பேர் உட்கார்ந்தால் நாளடைவில் பெரும்பாலோர் இழப்பதுதான் வழக்கம். அத்தனை பேருக்கும் ஊசல் என்ற அந்த வார்த்தை ஆறுதல் கொடுக்கிறது. சிலருக்கு அது உண்மை; பலருக்குப் பொய். எவருக்கு உண்மை என்று அந்த வார்த்தை சொல்லுவதில்லை.

திறமை நிஜமாகவே இருந்தாலும் போதாது என்பதற்கு ஸ்டூ உங்கர் என்ற மனுஷரைச் சொல்ல வேண்டும். அந்த உலகப் போட்டியை 1980, 1981, 1997 என்று மூன்று வருஷங்களில் ஜெயித்தவர். அவர் திறமையை யாரும் சந்தேகிக்கவில்லை. சீட்டில் வந்ததைக் குதிரையிலும் போதையிலும் விட்டார். 1998 நவம்பரில் லாஸ் வேகஸின் ஒரு மலிவான விடுதி அறையில் இறந்து கிடந்தார். வயசு 45.

நம் கோர்ட்டுகளும் இந்தக் கேள்வியோடு மல்லாடியிருக்கின்றன. ரம்மி பெரும்பாலும் திறமையைச் சேர்ந்த ஆட்டம், மூன்று சீட்டைப் போல வெறும் அதிர்ஷ்ட ஆட்டம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1967இல் சொன்னது. பணத்தை இழந்து பலர் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு 2022இல் தமிழ்நாடு ஒரு தடைச்சட்டம் கொண்டுவந்தது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே, அவற்றை அந்தத் தடையில் சேர்க்க முடியாது என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு 2025 ஆகஸ்டில், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் தடை போட்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. கோர்ட்டு ஆட்டத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாம். என் மாப்பிள்ளை என்ற ஒரு ஆளைப் பற்றி எந்தக் கோர்ட்டு சொல்லும்?

எனக்கு நளன் கதை ஞாபகம் வந்தது. சூதில் நாட்டைத் தோற்று, பெண்டாட்டியைக் காட்டில் விட்டு, உருமாறி, ஓர் அரசனுக்குத் தேரோட்டுகிற நிலைமைக்கு நளன் வந்துவிடுகிறான். அந்த அரசன் இருதுபன்னன், தேரில் போகிற போக்கில் ஒரு தான்றி மரத்தைப் பார்த்து இலையும் காயும் இத்தனை என்று கணக்குச் சொல்லுகிறான். நளன் இறங்கி எண்ணிப் பார்க்கிறான், சரியாக இருக்கிறது. அந்தத் தான்றிக் காய்தான் அந்தக் காலத்துச் சூதுக் காய் என்பதைக் கவனியுங்கள். எண்ணுகிற வித்தையையும் சூதின் வித்தையையும் நளன் அவனிடம் சேர்த்துக் கற்றுக்கொள்கிறான்; கற்றவுடன் கலி அவனை விட்டு ஓடுகிறது. கதை சொன்னவனுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது! அதைவிட எனக்குப் பிடித்தது பின்னால் வருகிறது. நளன் திரும்பி வந்து, தன்னை ஜெயித்த புட்கரனோடு மறுபடி ஆடி ஜெயிக்கிறான். ஜெயித்தபின் அவனைத் தண்டிக்கவில்லை. அன்று என்னைத் தோற்கடித்தது நீயல்ல, கலிதான் என்று சொல்லி, அவன் சொத்தை அவனுக்கே கொடுத்து அனுப்புகிறான். இழந்த காலத்தை நினைத்து அப்படிச் சொல்ல முடிகிறது என்றால், அவன் வெற்றியையும் அதே கண்ணால்தான் பார்த்திருக்க வேண்டும்.

நானோ என் அப்பாவையே அப்படிப் பார்த்ததில்லை. மானாவாரிக் காடு எங்களுக்கு. ஒரு வருஷம், புரட்டாசியில் மண்ணைத் தோண்டிப் பார்த்து, ஈரம் கண்ட பிறகு, பெரியவர்களைக் கேட்டு, முறைப்படி விதைத்தார். மழை பதினெட்டு நாள் தள்ளிப் போயிற்று, முளைத்ததெல்லாம் கருகியது. பக்கத்துக் காட்டுக்காரர் சோம்பேறி. வண்டி மாடு விற்கப் போய்ப் பிந்தி வந்து விதைத்தார், அவருக்கு விளைந்தது. ஊர் அவரைக் கைராசிக்காரர் என்றது. அப்பாவை அவசரக்குடுக்கை என்றது. பள்ளிக்கூடப் பையனாக இருந்த நானும் அவரிடம் அந்த வார்த்தையைச் சொன்னேன். அவர் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. சீட்டுக் கட்டில் ஒரு லட்சம் கை ஆடலாம். அப்பாவுக்கு வாழ்நாளில் கிடைத்த விதைப்பு நாற்பதோ நாற்பத்தைந்தோ. அதில் என்ன சராசரி வரும்?

அன்று ராத்திரி மாப்பிள்ளையின் நோட்டை வாங்கி விளக்கடியில் புரட்டிப் பார்த்தேன். பதின்மூன்று மாசம். தேதி, மணி, வரவு, செலவு. எந்தச் சீட்டுக்கு எவ்வளவு கட்டினார், ஏன் கட்டினார், எங்கே ஒதுங்கியிருக்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை. அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இருக்க வேண்டிய இடம் அது. அந்த இடத்துக்கு நோட்டில் பத்தியே கிடையாது.

"மாப்பிள்ளை, ஜெயித்தது தோற்றது எழுதியிருக்கிறீர்கள். ஆடியதை எழுதவில்லையே?"

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "பெரிய மேஜைக்குப் போன பிறகு, தோற்கிற நாளில் விட்டதைப் பிடிக்க விடியும்வரை உட்கார்ந்திருக்கிறேன், மச்சான். அதை எழுதியிருந்தால் எனக்கே தெரிந்திருக்கும்" என்றார்.

ஆஸ் தோற்றது அவர் தப்பல்ல. எட்டு மாசத்தை நம்பி உத்தியோகத்தை விட்டதும், ஊசலைத் தாங்கப் பணமில்லாமல் பெரிய மேஜையில் உட்கார்ந்ததும், என் தங்கையைக் கேட்காமல் சங்கிலியை எடுத்ததும் அவர் தப்புத்தான். பணம் வந்திருந்தாலும் அவை தப்புத்தான். வந்திருந்தால் நான் அவற்றைத் துணிச்சல் என்று சொல்லியிருப்பேன். ஏற்கெனவே ஒரு தடவை சொன்னவன்தானே?

இப்போது அவர் சின்ன சம்பளத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். சங்கிலி திரும்பிவிட்டது. அந்த முப்பதாயிரத்தை அவர் கேட்கவே இல்லை. நான் தவணையில் கொடுத்துவருகிறேன், இன்னும் பத்தாயிரம் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சின்ன மேஜையில் ஆடுகிறாராம். வேண்டாம் என்று சொன்னேன். "நிறுத்திவிடுவேன், மச்சான்" என்றார். எந்தத் தேதியில் என்று சொல்லவில்லை.

போன வாரம் தங்கை போன் செய்தாள். குரலில் பழைய சந்தோஷம் இருந்தது.

"அண்ணே, இந்த மாசம் அவருக்கு எட்டாயிரம் வந்திருக்கு!"

"பரவாயில்லையே! மாப்பிள்ளை கெட்டி..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

"என்னண்ணே, பேச்சே காணோம்? லைன் கட்டாயிடுச்சா?" என்றாள் தங்கை.